புளியை முதலில் ஊற்றச் சொன்னவர்கள்

சாம்பாரைச் சோற்றில் ஊற்றிக் கிளறிவிட்டு அதைப் பிசிபேளேபாத் என்று பரிமாறும் வழக்கம் பெங்களூருவின் பீன்யாவிலுள்ள தமிழ் வீடுகளில் வேரூன்றிவிட்டது. தருமபுரி, திருவண்ணாமலை, வேலூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, தொழிற்பேட்டையை ஒட்டி வாடகைக்கு இருக்கும் குடும்பங்கள், காலையில் வைத்த சாம்பாரை இரவில் தீர்க்க இந்த வழியைப் பிடித்துக்கொண்டன. பசிக்கு அது தப்பே இல்லை. ஆனால் அந்தப் பெயர் அதற்குப் பொருந்தாது. பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மா ஒரு வாய் வைத்ததுமே கண்டுபிடித்துவிடுவார்.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இதே போன்ற இரட்டையர் உண்டு: கம்போவும் ஜம்பலாயாவும். கம்போ என்பது குழம்பு. மாவை எண்ணெயில் சிவக்க வறுத்து, வெங்காயம், குடைமிளகாய், செலரி மூன்றையும் வதக்கி, கோழியோ இறாலோ கொத்துக்கறித் தொத்திறைச்சியோ போட்டுக் கொதிக்க வைப்பார்கள். வெண்டைக்காயோ சசாஃப்ராஸ் மரத்தின் இலைப்பொடியோ அதைக் கெட்டியாக்கும். சோறு தனியே வெந்து, கிண்ணத்தில்தான் குழம்பைச் சந்திக்கும். ஜம்பலாயாவில் அப்படியில்லை. அரிசியைச் சாற்றிலேயே போட்டு வேக வைக்கிறார்கள். ஸ்பெயினின் பயேயாவுக்கும் மேற்கு ஆப்பிரிக்காவின் ஜொலோஃப் சோற்றுக்கும் நெருங்கிய உறவு அது. வெண்டைக்காய் அந்த மண்ணுக்குப் போனதே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட மக்களோடுதான். 2004இல் கம்போவைத் தன் அதிகாரபூர்வ உணவாக அறிவித்தது லூசியானா. அதே மாநிலத்தின் கோன்சாலஸ் நகரம் ஜம்பலாயாவுக்கென்று ஆண்டுதோறும் விழா எடுக்கிறது.

இரண்டையும் ஒரே பானையில் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் அங்கே மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில்தான். கம்போவைக் கெட்டியாக்க ஏற்கெனவே வறுத்த மாவு இருக்கிறது. அதில் அரிசியையும் போட்டு வேக விட்டால் அரிசியின் மாவுச்சத்தும் சேர்ந்து பானை முழுக்கப் பசையாகிவிடும். சேர்க்க வேண்டுமென்றால் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். மாவைக் குறைத்துச் சாற்றைக் கூட்ட வேண்டும், அல்லது அரிசியைத் தனியே முக்கால் பதம் வேக வைத்துக் கடைசியில் சேர்க்க வேண்டும்.

நம் ஊரில் சோற்றில் சாம்பார் ஊற்றிப் பிசைவது கம்போவின் வழி. பிசிபேளேபாத்தோ இரண்டு வழிகளும் கூடுகிற இடம். அரிசியும் பருப்பும் ஒரு பாத்திரத்தில் குழைய வேகும். காய்கறி, புளி, பொடி, வெல்லம் எல்லாம் இன்னொரு பாத்திரத்தில் கொதிக்கும். இரண்டும் சூடாக இருக்கும்போதே ஒன்றாகச் சேர்ந்து மறுபடியும் ஒரு முறை கொதிக்க வேண்டும். இந்த இரண்டாம் கொதிதான் சாம்பார் சாதத்தையும் பிசிபேளேபாத்தையும் பிரிக்கிறது. ஆறிய சோற்றில் ஆறிய சாம்பாரை ஊற்றினால் சோற்றுப் பருக்கையின் மேல்தான் புளி ஒட்டும், உள்ளே இறங்காது.

இதையெல்லாம் இதை எழுதுபவர் புத்தகம் பார்த்துக் கற்றதில்லை. பீன்யாவில் ஓர் ஆயுத பூசைச் சாப்பாடு கற்றுக்கொடுத்தது.

பீன்யாவில் ஆயுத பூசை தீபாவளியைவிடப் பெரிய நாள். லேத், மில்லிங், சிஎன்சி இயந்திரங்களுக்கெல்லாம் குங்குமம் வைத்து வாழைக்கன்று கட்டுவார்கள். வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள். மதியம் பட்டறையிலேயே எல்லாருக்கும் சாப்பாடு. வேலை செய்கிறவர்களில் பாதிப்பேர் தமிழர்கள், மீதிப்பேர் தும்கூர், ஹாசன் பக்கத்துக் கன்னடர்கள், சில ஒடிசாக்காரர்கள். எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று பிசிபேளேபாத் முடிவானது. சமைக்கும் பொறுப்பு இதை எழுதுபவருக்கு வந்தது. அண்டா, அடுப்பு, பருப்பு எல்லாம் பட்டறை உரிமையாளர் வீட்டிலிருந்து வந்தன. கூடவே, கல்யாண வீடுகளில் சமைத்த அனுபவம் உண்டு என்று சொல்லிக்கொண்ட உறவினர் ஒருவரும் வந்தார்.

"எதுக்கும்மா ரெண்டு அடுப்பு? அரிசி, பருப்பு, காய், புளித்தண்ணி எல்லாத்தையும் ஒண்ணா ஏத்திடு. ஒரே கொதியில முடிஞ்சிடும்."

"புளி முதல்ல விழுந்தா பருப்பு வேகாதுங்கண்ணா."

"நாங்க எத்தனை கல்யாணம் பார்த்திருக்கோம்!"

அண்டா அவர்களுடையது, அவர்கள் சொன்னபடியே ஏறியது. நண்பகல் தாண்டியும் துவரம்பருப்பு முழுசு முழுசாகக் கிடந்தது. நூல்கோலும் பீன்ஸும் பல்லில் கடிபட்டன. அரிசி மட்டும் கரைந்து அடியில் இறங்கிப் பிடித்துக்கொண்டது, தீய்ந்த வாசனை பட்டறை முழுக்கப் பரவியது. பசியோடு உட்கார்ந்தவர்கள் காராபூந்தியையும் வாழைப்பழத்தையும் தின்று தீர்த்தார்கள். கடைசியில் மெஸ்ஸிலிருந்து தயிர்சாதம் வரவழைத்தார்கள். யோசனை சொன்னவர் பூசைப் பிரசாதத்தோடு கிளம்பிவிட்டார். பெயர் கெட்டது சமைத்தவருக்கு.

அன்றைக்கு அண்டாவுக்குள் நடந்ததற்குக் காரணம் உண்டு, அதைத் தெரிந்துகொண்டால் எவரையும் எதிர்த்துப் பேசலாம். பருப்பிலும் காய்கறியிலும் செல்களை ஒட்டிவைப்பது பெக்டின். அது கரைந்தால்தான் பருப்பு மசியும். புளிப்பு இருக்கும் நீரில் பெக்டின் எளிதில் கரையாது. ஆழ்துளைக் கிணற்று நீரிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தும் பெக்டினை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பீன்யாவில் பல இடங்களில் சமையலுக்கே அந்த நீர்தான். மூன்றாவது காரணத்தை ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் நினைத்தே பார்ப்பதில்லை. பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை, ஏறத்தாழ 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. சென்னையில் திறந்த பாத்திரத்தில் வெந்த பருப்பு இங்கே கூடுதல் நேரம் கேட்கும். குக்கருக்குள் வெப்பம் 115 டிகிரியைத் தாண்டுவதால் வீட்டில் இந்த வித்தியாசம் தெரியாது. அண்டாவில் தெரியும்.

பருப்பும் பழசாக இருந்திருக்கும். மாதக்கணக்கில் வெப்பத்திலும் ஈரத்திலும் கிடந்த பருப்பு எவ்வளவு கொதித்தாலும் மசியாது. அதனால் பெரிய சமையலுக்கு வாங்குமுன் ஒரு பிடி எடுத்து வேக வைத்துப் பார்ப்பது கட்டாயம். கலபுரகித் துவரம்பருப்பு கிடைத்தால் அதையே வாங்கலாம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அது சீக்கிரம் வெந்து மசியும்.

வீட்டு அளவு எளிது. ஒரு கப் சோனா மசூரிப் பச்சரிசி, முக்கால் கப் துவரம்பருப்பு, மஞ்சள்தூள், ஐந்து கப் தண்ணீர், குக்கரில் குழைய விட வேண்டும். இன்னொரு அடுப்பில் கேரட், பீன்ஸ், நூல்கோல், பச்சைப்பட்டாணி உப்போடு முக்கால் பதம் வெந்ததும் புளிக்கரைசல், வெல்லம், பொடி. பச்சை வாசனை போனதும் இரண்டையும் சேர்த்து, இரண்டு மூன்று கப் கொதிநீர் ஊற்றி, அடியில் கரண்டி விட்டுக் கிளறிக்கொண்டே பத்து நிமிடம். நெய்யில் கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம், முந்திரி தாளிப்பு. ஜம்பலாயாவைக் கிளறக் கூடாது, பருக்கை உடையும் என்பார்கள். இதில் பருக்கை உடைய வேண்டும், கிளறாவிட்டால் அடிபிடிக்கும்.

ரேஷன் புழுங்கலரிசி இதற்கு ஆகாது. அது விறைத்து நிற்கும், சாறு வெளியிலேயே தங்கிவிடும். பாஸ்மதியும் வேண்டாம்.

பொடியில் சமரசம் கூடாது. சாம்பார்ப்பொடியைப் போட்டுவிட்டுப் பட்டை கிராம்பை நுணுக்கித் தூவுகிறவர்கள் இருக்கிறார்கள், அது குருமா வாசனையில் போய் முடியும். தனியா, கடலைப்பருப்பு, கொஞ்சம் உளுந்து, சிட்டிகை வெந்தயம், பட்டை, கிராம்பு, கொப்பரை, இவற்றோடு மராட்டி மொக்கு கட்டாயம். இலவ மரத்தின் காய்ந்த மொக்கு அது, பார்க்கப் பெரிய கிராம்பு மாதிரி இருக்கும். மிளகாய் பியாடகியாக இருக்கட்டும். ஹாவேரி மாவட்டத்துச் சுருக்க மிளகாய், 2011இல் புவிசார் குறியீடு வாங்கியது. நிறம் அள்ளித் தரும், காரம் குறைவு. நம் குண்டு மிளகாயை அதே எண்ணிக்கையில் போட்டால் குழந்தைகள் தட்டைத் தள்ளிவிடுவார்கள்.

இவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. 2014 மார்ச்சில் சம்பிகே ரோட்டிலிருந்து பீன்யா வரை மெட்ரோ ஓடத் தொடங்கிய பிறகு, மல்லேஸ்வரம் கடைத்தெரு வண்டி மாறாமல் போய்வரும் தூரம். மொத்தமாக வேண்டுமென்றால் வழியிலேயே யஷ்வந்த்பூர் மண்டி இருக்கிறது.

அசல் ருசி எதுவென்று ஒரு முறையாவது தெரிந்துகொள்ள லால்பாக் சாலை எம்டிஆருக்குப் போய்ச் சாப்பிட்டுப் பார்ப்பது நல்லது. 1924இல் மய்யா சகோதரர்கள் தொடங்கிய உணவகம் அது. இரண்டாம் உலகப்போரின்போது அரிசிக்குத் தட்டுப்பாடு வந்ததும் ரவை இட்லியை உருவாக்கியது. அவசரநிலைக் காலத்தில் உணவக விலைகளை அரசு கட்டுப்படுத்தியபோது மசாலாப்பொடி விற்பனையில் இறங்கியது. இன்று பீன்யா மளிகைக் கடைகளில் தொங்கும் பொட்டலங்களுக்கு அங்கேதான் தொடக்கம். அந்தப் பொட்டல வணிகம் 2007இல் நார்வேயின் ஓர்க்லா நிறுவனத்துக்குப் போனது. இரண்டு ஷிப்டு பார்க்கும் வீட்டில் கடைப்பொடி வாங்குவதை யாரும் குறை சொல்ல முடியாது. முன்பே கலந்த பொடியைத் தனி சாம்பார்ப்பொடியோடு குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

வெண்டைக்காய் போடலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. கம்போவுக்கு அதன் கொழகொழப்பு பலம். பிசிபேளேபாத்தில் பருப்பும் அரிசியுமே போதுமான கெட்டியைத் தந்துவிடுகின்றன, வெண்டையும் சேர்ந்தால் லூசியானாக்காரரின் வறுத்த மாவுக் கதைதான். ஆசை விடவில்லையென்றால் எண்ணெயில் மொறுமொறுவென்று வதக்கித் தட்டில் மேலே போட்டுக்கொள்ளலாம்.

இரவு ஷிப்டுக்குக் கட்டிக்கொடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. டப்பாவில் அடைத்த பிசிபேளேபாத் ஆற ஆற இறுகும், இடைவேளையில் திறந்தால் கட்டியாக இருக்கும். அதனால் வீட்டில் சாப்பிடுவதைவிடத் தளர்வாக இறக்க வேண்டும். மிச்சம் வைத்தால் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். வெந்த சோறு வெளியில் வெகுநேரம் கிடந்தால் அதில் வளரும் பாக்டீரியாவின் நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

இனி பட்டறை உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆயுத பூசைக்குச் சாப்பாட்டுப் பொறுப்பை யாரிடமாவது ஒப்படைத்தால் பருப்பு வாங்கும் பொறுப்பையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள். அண்டாவை முந்தின நாள் மாலையே அனுப்புங்கள், அடுப்பு இரண்டு கொடுங்கள். புளியை எப்போது ஊற்றுவது என்பதைச் சமைக்கிறவர் தீர்மானிக்கட்டும்.