துண்டுக்குள் இரண்டு கைகள்

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமை என்றால் ஆட்டுச் சந்தை. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் காதில் விழும். தொழிற்சாலைகள் வந்த பிறகு இந்தியும் சேர்ந்துகொண்டது. இத்தனை மொழி புழங்கும் ஊரிலும் ‘கவுன்சிலிங்’ என்றால் பலருக்கும் ஒரே பொருள்தான்: தப்பு செய்தவரை உட்காரவைத்துப் புத்தி சொல்வது.

நம்பிக்கை: கவுன்சிலிங் என்றால் அறிவுரை.

உண்மை: அறிவுரைக்கு வீட்டுப் பெரியப்பாவே போதும். வருபவரை ‘நோயாளி’ என்னாமல் ‘கிளையன்ட்’ என்று அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1942-இலேயே எழுதினார். தன் வாழ்க்கையை அறிந்தவர் அப்படி வருபவர்தான் என்பது அதன் சாரம்.

விடுதியில் தங்கி ஷிப்டு வேலை பார்க்கும் ஒரு பெண், “தூக்கமே வரலை மேடம்” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “பத்து மணிக்கெல்லாம் படுத்துடுங்க” என்றால் அடுத்த முறை வரமாட்டார். அந்த வாரம் அவருக்கு நைட் ஷிப்டு. “நீங்க தூங்கற நேரத்துல ரூம்ல யாரெல்லாம் முழிச்சிருப்பாங்க?” என்று கேட்டால் பேச்சு பிறக்கும். ஒரே ஷிப்டுக்காரர்கள் ஒரே அறையில் இருந்தால் தேவலை என்ற யோசனை அவரிடமிருந்தே வரலாம். வார்டனிடம் அதை எப்படிக் கேட்பது என்பதை இருவரும் சேர்ந்து யோசிப்பார்கள்.

நம்பிக்கை: நல்ல ஆலோசகர் சாதி, பாலினம் எதையும் கண்டுகொள்ள மாட்டார்.

உண்மை: பாகுபாடு காட்டக் கூடாது, 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. கண்டுகொள்ளாமல் இருப்பது வேறு. வாடகைக்கு வீடு கேட்ட இடத்திலெல்லாம் “நீங்க என்ன ஆளுங்க?” என்ற கேள்வியைச் சந்தித்தவரிடம், “அதையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க” என்பது அவர் பட்டதை இல்லையென்று ஆக்குவதுதான். அவர் மனசில் கோளாறில்லை, முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியிருக்கிறார்கள். எது உள்ளே இருக்கும் வலி, எது வெளியிலிருந்து விழுந்த அடி என்று சேர்ந்து பிரித்துப் பார்த்தாலே பாதி பாரம் இறங்கும். திருநங்கை ஒருவர் வந்தால், “உங்களை எப்படிக் கூப்பிடணும்?” என்பதே முதல் கேள்வி.

நம்பிக்கை: ஒருபாலீர்ப்பை கவுன்சிலிங்கில் மாற்றிவிடலாம்.

உண்மை: மாற்றுவதற்கு அது நோயல்ல. அப்படி ‘குணப்படுத்தும்’ முயற்சிகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று தடை விதித்தது. அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையமும் அதை மருத்துவர்களின் தொழில்முறை ஒழுங்கீனம் என்றது.

நீதிமன்றத்தின் அந்தத் தடை, மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்பு கேட்ட ஒரு பெண் இணையரின் வழக்கில் வந்தது. அவர்களையும் பெற்றோரையும் உளவியலாளர் வித்யா தினகரனிடம் ஆலோசனைக்கு அனுப்பிய நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கே முழுதாகப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டார். பிறகு அதே வித்யாவிடம் தானும் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். தீர்ப்பு சொல்லும் நாற்காலியிலிருந்தே ஒருவர் இறங்கி வந்து கேட்கலாம் என்றால், ஆலோசகரின் நாற்காலி எம்மாத்திரம்?

நம்பிக்கை: இதற்கெல்லாம் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

உண்மை: முதல் பேச்சுக்கு 14416 போதும். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி-மானஸ் இலவச எண் அது. எந்த நேரமும், தமிழோடு தெலுங்கு, கன்னடம், இந்தியிலும் பேசலாம்.

நம்பிக்கை: சொன்னது கம்பெனி முழுக்கப் பரவிவிடும்.

உண்மை: மனநலச் சிகிச்சை தருபவர்களுக்கு ரகசியம் காப்பது சட்டக் கடமை, உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைமைகள் மட்டுமே விலக்கு. நிறுவனமே அமர்த்திய ஆலோசகர் என்றால், “நான் சொல்றது எச்.ஆருக்குப் போகுமா?” என்று எடுத்த எடுப்பிலேயே கேட்கலாம். பதிலில் மழுப்பல் தெரிந்தால் எழுந்து வந்துவிடலாம்.

துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவது சந்தைகளின் பழைய வழக்கம். பக்கத்தில் நிற்பவருக்கு விலை தெரியாது. ஒரு கை மட்டும் அதை முடிவு செய்யவும் முடியாது. கவுன்சிலிங்கும் அப்படித்தான்.