புற்றுக்காளான் எந்த வீட்டுப் பிள்ளை?

அன்புள்ள கயல்விழிக்கு,

புற்றடியில் முளைத்த காளானும் கடையில் விற்கும் மொட்டுக்காளானும் ஒரே குடும்பமா என்று கேட்டிருந்தாய். இல்லை. குடை, தண்டு, செவுள்கள் எல்லாம் இரண்டுக்கும் உண்டு. ஆனால் காளான்களில் முகச்சாடை பார்த்து உறவு சொன்னவர்கள் பலமுறை ஏமாந்திருக்கிறார்கள்.

மொட்டுக்காளான் அகாரிகேசியே குடும்பம். அதன் வித்துகள் கரும்பழுப்பு. புற்றுக்காளானின் வித்துத்தூளோ வெளிறிய இளஞ்சிவப்பு. பிரெஞ்சு அறிஞர் ரோஜே ஹைம் 1942-இல் இதற்கு டெர்மிட்டோமைசிஸ் என்று பேரினப் பெயர் சூட்டினார். பெயர் நிலைத்தது, வீடு நிலைக்கவில்லை. சிலர் புளூட்டியேசியேயில் வைத்தார்கள், சிலர் டிரைக்கோலோமட்டேசியேயில். மரபணு ஆய்வு வந்த பிறகுதான் லயோபிலேசியே குடும்பம் என்று உறுதியானது.

துப்பு முன்பே நுண்ணோக்கியில் கிடைத்திருந்தது. செவுள்களில் வித்துகளைத் தாங்கும் செல்லுக்குப் பசிடியம் என்று பெயர். இரும்பு சேர்ந்த அசெட்டோகார்மைன் சாயத்தில் அதைச் சூடாக்கினால், உள்ளே சிறு துகள்கள் கருஊதாவாகத் தெரியும். லயோபிலேசியே குடும்பத்தின் குலக்குறி இதுதான். சமையலறையில் பார்க்கக் கிடைக்காத அடையாளம்!

இந்தக் குடும்பத்தார் பிழைக்கும் வழிகளும் விதவிதமானவை. ஜப்பானியர் வளர்த்து உண்ணும் ஷிமேஜி மட்கிய மரத்தில் வளர்கிறது. ஆஸ்டெரோஃபோரா இன்னொரு காளானின் அழுகும் குடைமேல் முளைக்கிறது. புற்றுக்காளானைக் கறையான்களே பயிர் செய்கின்றன. அவை தின்ற காய்ந்த மரமும் சருகும் கழிவாகி, புற்றுக்குள் தேன்கூடு போன்ற பாத்திகளாகின்றன. அதில் பூஞ்சை படர்ந்து வெண்ணிற மணிகளை விடும். கறையானுக்கு அது உணவு. மழை பெய்து மண் இளகியதும் அந்தப் பாத்தியிலிருந்தே காளான் கிளம்புகிறது. அதனால்தான் பிடுங்கும்போது தண்டு வேர்போல நீண்டுகொண்டே போகிறது. குடை நடுவில் இருக்கும் கூர்முனை மண்ணைத் துளைக்கத்தான்.

அளவைச் சொன்னால் நம்பமாட்டாய்: ஜாம்பியாவின் டெர்மிட்டோமைசிஸ் டைட்டானிகஸ் குடை ஒரு மீட்டர் அகலம்வரை விரியும். தென்னிந்திய இனமொன்றை 1979-இல் விவரித்த நடராஜன், அதற்கு ஹைமின் பெயரையே வைத்தார்.

ஒன்று மறக்காதே. புல்வெளியில் வெள்ளைக் குடையோடு நிற்கும் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் நச்சுக்காளான். அதுவோ மொட்டுக்காளானின் குடும்பம்! முற்றிய குடையைத் தாளில் கவிழ்த்து இரவு முழுதும் வைத்தால் பச்சைத் தூள் படியும். பச்சை இல்லை என்பதால் மட்டும் எந்தக் காளானையும் சமைத்துவிடாதே. பாட்டியிடம் காட்டிக் கேள்.

அன்புடன்,
மாமா