பாத்திரம் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?



குழுக் கூட்டங்களில் கடன் பாக்கிக்கு அடுத்தபடியாக நான் அதிகம் கேட்கும் புகார், "பக்கத்து வீட்டுத் தண்ணி எங்க வாசல்ல தேங்குது" என்பதுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு, ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 12 குடம், குளித்த, துவைத்த, கழுவிய தண்ணீராக வெளியே வருகிறது.

இது கழிப்பறைத் தண்ணீரோடு கலக்காத வரைதான் பயன்படும். குழந்தையின் மலத்துணி அலசிய தண்ணீரையும் கழிப்பறையில்தான் ஊற்ற வேண்டும். மீதியை அன்றன்றைக்கே வாழைக்கும் தென்னைக்கும் விடுங்கள். தேக்கி வைத்தால் நாறும், கொசு பெருகும். (டெங்கு கொசு நல்ல தண்ணீரில் வளர்வது. சாக்கடையில் வளர்வது யானைக்கால் நோய் பரப்பும் கொசு.) பச்சையாகத் தின்னும் வெள்ளரி, கொத்தமல்லிக்கு இந்தத் தண்ணீர் வேண்டாம்.

தோட்டம் இல்லாத வீட்டுக்கு உறிஞ்சு குழி போதும். கிணறு, போரிலிருந்து 10 மீட்டராவது தள்ளி இருக்கணும். அடிபம்பை ஒட்டியே குழி வெட்டியதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு வெட்டாமலே இருந்திருக்கலாம்!

குழுவாக மெஸ், இட்லிக்கடை நடத்துகிறவர்கள் கவனியுங்கள். உங்கள் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கு அதிகம். அது குழியின் கல்லில் படிந்தால் தண்ணீர் இறங்காது, தெருவுக்குத்தான் வரும். முதலில் ஒரு சின்னத் தொட்டியில் விடுங்கள். பிசுக்கு மேலே மிதக்கும், அடிப்பக்கக் குழாய் வழியே தண்ணீர் மட்டும் குழிக்குப் போகும். மிதப்பதை அடிக்கடி வழித்து எடுக்கணும். இந்த வேலை யாருடைய முறை என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் யாரும் செய்ய மாட்டோம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1994-ம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி வடிகால் அமைப்பது ஊராட்சியின் கடமை. சாயப்பட்டறை போன்றவை கழிவுநீரை வெளியேற்ற, 1974-ம் ஆண்டு தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். ஊர்ப் பொது ஊருணியை வேண்டுமென்றே அசுத்தம் செய்தால் பாரதிய நியாய சன்ஹிதா 279-வது பிரிவில் 6 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. ஆனால் பக்கத்து வீட்டு அக்காமேல் போலீசுக்குப் போவது ஒரு வழியா? கிராம சபைக்குப் போகலாம்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளிலும் தமிழ்நாட்டில் கிராம சபை உண்டு. போவதற்கு முன், எந்தத் தெருவில் தேங்குகிறது, எத்தனை வீட்டுக்குக் குழி இல்லை, எந்தக் கடைக்குத் தொட்டி இல்லை என்று குழு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் அது ஏறியதா என்று படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.