மர ப்ரொப்பெல்லரைத் தேய்க்காதீங்க, படிங்க!

பழைய விமானத்தோட மர ப்ரொப்பெல்லர் ஒண்ணு உங்க கையில கிடைச்சா முதல்ல என்ன செய்வீங்க? உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு வார்னிஷ் அடிக்கத்தான் தோணும். தயவுசெய்து வேண்டாம். அது எந்த விமானத்தோடதுன்னு சொல்ற ஆதாரம் மரத்தோட மேற்பரப்புலதான் இருக்கு. தேய்ச்சா போச்சு.

1. ஹப்பைப் படிங்க

முதல் உலகப்போர் கால பிரிட்டிஷ் ப்ரொப்பெல்லர்களில், நடுப்பகுதியான ஹப்பில் எழுத்துகளும் எண்களும் குத்தியிருப்பார்கள். வரைபட எண், இன்ஜின் பெயர், குதிரைத்திறன், சில சமயம் விமானத்தின் பெயர்கூட இருக்கும். 'டி' என்றால் விட்டம், 'பி' என்றால் பிட்ச். இரண்டும் மில்லிமீட்டரில். எழுத்து மங்கலா இருந்தா, மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிச்சு போட்டோ எடுங்க.

இங்கே ஒரு பொறி இருக்கு. 'ஆர்.ஏ.எஃப்.' என்று பார்த்ததும் ராயல் ஏர் ஃபோர்ஸ்னு முடிவு பண்ணிடாதீங்க. அந்தப் படை உருவானதே 1918 ஏப்ரல் 1-இல்தான். இன்ஜின் பெயரில் வரும் ஆர்.ஏ.எஃப்., ஃபார்ன்பரோவில் இருந்த ராயல் ஏர்கிராஃப்ட் ஃபேக்டரி. 'ஆர்.ஏ.எஃப். 1ஏ' இன்ஜின் பி.இ.2சி விமானத்தில் இருந்தது. அதற்கு நான்கு பிளேடு ப்ரொப்பெல்லர்.

2. அளந்து சரிபாருங்க

பிட்ச்னா, ஒரு முழுச் சுற்றில் ப்ரொப்பெல்லர் ஸ்க்ரூ மாதிரி எவ்வளவு முன்னேறணும் என்பதுதான்.

பிட்ச் = 2 × 3.14 × ஆரம் × டேன் (பிளேடு கோணம்)

ஹப்பில் டி 2750, பி 2700 என்று இருக்கு என வைத்துக்கொள்ளுங்கள். மையத்திலிருந்து பிளேடு நீளத்தில் முக்கால் பங்கு, அதாவது 1031 மி.மீ. தள்ளி கோணத்தை அளங்க. 22.5 டிகிரி வந்தா பிட்ச் சுமார் 2680 மி.மீ. நூறு வருஷ மரத்துக்கு இந்த வித்தியாசம் சகஜம். ரொம்ப விலகினா, எழுத்தைத் தப்பா படிச்சிருக்கீங்களான்னு மறுபடி பாருங்க.

3. அலங்காரப் பொருளா?

விமானத்தில் மாட்டிய ப்ரொப்பெல்லரின் ஹப்பில் நடுத்துளையைச் சுற்றி போல்ட் துளைகளும், உலோகத் தட்டு அழுத்திய வட்டத் தடமும் இருக்கும். சுவரில் மாட்டச் செய்த பல நகல்களில் இது இருக்காது. ஆனா தடம் இல்லைன்னாலே போலின்னு சொல்ல முடியாது. மாட்டாமலே கிடந்த ஸ்பேரா இருக்கலாம். அதனால ஒரே அடையாளத்தை நம்பாதீங்க. எழுத்து, அளவு, தடம் மூணும் ஒரே கதையைச் சொல்லணும்.

அதுவரைக்கும் மென்மையான பிரஷ்ஷால தூசி தட்டினா போதும்.