இல்லத்துப் பதிவறையும் மெய்யொலி காட்டும் ஒலிபெருக்கியும்

ஆடியில் முகம் நோக்குவான் ஒருவனுக்கு வேண்டுவது புகழ்ச்சியன்று, உண்மையே. இல்லத்திற் பாட்டைப் பதிவு செய்து, குரலையும் கருவிகளையும் அளவறிந்து கலக்கும் மாணாக்கர்க்கு ஸ்டூடியோ மானிட்டர் என்னும் ஒலிபெருக்கி அத்தகைய ஆடியாம். கேளிக்கைக்கென அமைந்த ஒலிபெருக்கிகள் பல, தாழ்ந்த ஒலியை மிகுத்துச் செவிக்கு இனிமை செய்யும். மானிட்டரோ உள்ளதை உள்ளவாறே உரைக்க முயலும்.

1978-இல் யமஹா நிறுவனத்தார் வெளியிட்ட என்.எஸ்.-10 இதற்குச் சான்றாகும். இல்லத்தில் இசை கேட்பார்க்கென அமைத்த அதனை அவர்கள் பெரிதும் விரும்பினாரல்லர். பதிவுக்கூடத்தாரோ, கலவையின் குறையை அது மறையாது காட்டியமையால், அதனைத் தம் மேசைமேல் ஏற்றிக்கொண்டனர். 2001-இல் அதன் உற்பத்தி நின்றது.

இனித் தெரிவு செய்யும் முறையை நோக்குவோம். சிற்றறைக்கு 5 அங்குலக் கூம்புடைய இணை போதும். யமஹா எச்.எஸ்.5 என்பது 54 ஹெர்ட்ஸ் வரையும், ஜே.பி.எல். 305பி மார்க் 2 என்பது 43 ஹெர்ட்ஸ் வரையும் தாழ்ந்து ஒலிக்குமென அவற்றை ஆக்கியோர் குறிக்கின்றனர். ஆம்பிளிபயர் இவற்றினுள்ளேயே அடங்கியிருத்தலின் அதற்கெனத் தனிச் செலவில்லை. பேஸ் கித்தாரின் மிகத் தாழ்ந்த தந்தியோ ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ் அளவில் அதிர்வது. ஆதலின் அடியொலியை நல்லதொரு ஹெட்போனிலும் ஒத்துப் பார்த்தல் வேண்டும்.

கைப்பொருள் முழுவதையும் கருவிக்கே ஈந்து, அறையை மறத்தல் பெரும்பிழை. அப்பிழையை யாமும் செய்தோம். 3.4 மீட்டர் நீளமுள்ள அறையின் நடுவில் அமர்ந்து நண்பரொருவரின் பாட்டைக் கலந்தோம். அடியொலி மெலிந்து கேட்டமையால் அதனை மேன்மேலும் உயர்த்தினோம். விழா மண்டபத்தில் அவ்வொலி முழங்கிப் பாட்டின் சொற்களை விழுங்கிற்று. நண்பர் தம் குரலையே நொந்துகொண்டார், குற்றமோ எம்முடையது.

காரணம் எளிது. ஓசை விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும். அவ்வறையின் நீளத்துள் 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அரையலை அடங்கும். அவ்வொலி சுவரோரத்தே மிகும், நடுவே மெலியும். விலையுயர்ந்த மானிட்டரும் இவ்வியல்பை மாற்ற வல்லதன்று.

ஆகவே, அறையின் நடுவில் அமராதீர்கள். இரு மானிட்டர்களும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக அமைக. உயர்ந்த ஒலி தரும் சிறு கூம்பு செவியின் உயரத்தில் நிற்க. மானிட்டரைச் சுவர் மூலையில் ஒடுக்கற்க. ஒடுக்கின் அடியொலி பொய்யாக மிகும். ஒலியளவை ஒரு நிலையில் நிறுத்திக் கலக்குக. ஒலி குறையுந்தோறும் செவி தாழ்ந்த ஒலியைப் பின்னும் குறைவாகவே உணரும் என்பதைப் பிளெச்சர், மன்சன் என்போர் 1933-இல் விளக்கினர்.

வாங்குமுன், நெடுங்காலம் கேட்டுப் பழகிய பாட்டொன்றைக் கொண்டு சென்று அதிற் கேட்டறிக. எக்கருவியும் முற்றும் குறையற்றதன்று. அதன் குறையை அறிந்து பழகிய செவியே கருவிகளுள் தலையாயது. அதனை விலைகொடுத்து வாங்கவியலாது, பயிற்சியாற் பெறலாம்.