டயகமவிலிருந்து தூரப் பயணம்: கோச்சியில் (ரயிலில்) போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

மலையகத் தோட்டப் பகுதியான நம் டயகமவில் ரயில் நிலையம் இல்லை. அதனால் கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ குடும்பத்தோடு போக வேண்டி வந்தால், முதலில் வேன்காரரைத்தான் தேடுகிறோம். ஆனால் பஸ் போகும் தூரத்தில் தலவாக்கலையில் நிலையம் இருக்கிறது. 1884இல் அட்டன் வரைக்கும், 1885இல் நானுஓயா வரைக்கும் ரயில் பாதை வந்துவிட்டது. தோட்டத் துரைமார் தங்கள் விளைச்சலைத் துறைமுகத்துக்கு இறக்கத்தான் அந்தப் பாதையைக் கேட்டு வாங்கினார்கள். மலையை வெட்டிச் சுரங்கம் குடைந்தவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம்மவர்களும் இருந்தார்கள். அந்தப் பாதையில் ஜன்னலோர ஆசனத்துக்கு இன்று வெளிநாட்டார் போட்டி போடுகிறார்கள். நாம் அதை விட்டுவிட்டு வேனில் வாந்தி எடுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. கொஞ்சம் முன்யோசனை இருந்தால் டயகமவிலிருந்து போகிறவர்களுக்கும் ரயில்தான் வசதி.

1. முதலில் பாதை திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். 2025 நவம்பர் இறுதியில் அடித்த டிட்வா புயலில் மலையக ரயில் பாதை பல இடங்களில் மண்சரிவால் உடைந்தது. அப்படியான சேதத்துக்குப் பிறகு சேவை பகுதி பகுதியாகத்தான் திரும்பும். பழைய கால அட்டவணையை நம்பி மூட்டை கட்ட வேண்டாம். 1971 என்ற ரயில்வே இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள், அல்லது தலவாக்கலைப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லி நிலையத்தில் விசாரியுங்கள். அடைமழைக் காலமென்றால் புறப்படும் அன்றைக்கும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

2. ரயில் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். டயகமவிலிருந்து அக்கரப்பத்தனை, லிந்துலை வழியாகத் தலவாக்கலைக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலமாவது வையுங்கள். மழையோ, ரோட்டில் வேலையோ இருந்தால் இன்னும் கூடும். வழக்கமான அட்டவணைப்படி பதுளையிலிருந்து அதிகாலையில் புறப்படும் ரயில் முற்பகலில்தான் தலவாக்கலைக்கு வரும். அதனால் காலைப் பஸ்ஸில் போனாலே போதும், இருட்டில் எழும்பி ஓட வேண்டாம். பிடிக்க நினைக்கும் பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் ஏறுங்கள். நிலையத்தில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பதால் ஒன்றும் குறைந்துவிடாது.

3. இரண்டு மெனிக்கேயும் ஒன்றல்ல. கொழும்புக்கும் பதுளைக்கும் இடையில் ஓடும் பகல் ரயில்களில் பொடி மெனிக்கே கண்டிக்குள் போய்த் திரும்பும். உடரட்ட மெனிக்கே கண்டிக்குள் போகாது, பேராதனைச் சந்தியோடு நேரே கீழே இறங்கிவிடும். கண்டியில் வேலை இருப்பவர்கள் பொடி மெனிக்கேயைப் பாருங்கள். கொழும்புக்கு அவசரமாகப் போகிறவர்களுக்கு உடரட்ட மெனிக்கே நல்லது. பொடி மெனிக்கே கண்டியிலிருந்து வெளியே வரும்போது திசை மாறும், முன்பக்கம் பின்பக்கமாகிவிடும். தெரியாதவர்கள் ரயில் மறுபடி மலைக்கு ஏறுகிறதோ என்று பயந்து போவார்கள். பிள்ளைகளுக்கும் வயசானவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

4. ஆசனத்தை ஒரு மாதத்துக்கு முன்பே பதிவு செய்யுங்கள். எல்ல, நானுஓயா பக்கத்துச் சுற்றுலாக்காரர்களால் முன்பதிவு ஆசனங்கள் திறந்த உடனேயே முடிந்துவிடுகின்றன. நிலையத்திலும் எடுக்கலாம், ரயில்வே இணையத்தளத்திலும் எடுக்கலாம். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் இந்த வேலையைக் கொடுத்துவிடுங்கள். அடையாள அட்டை இலக்கம் கேட்பார்கள், பயண நாளில் அதே அட்டையைக் கையில் வைத்திருங்கள். இடைத்தரகரிடம் கூடுதல் பணம் கொடுத்து வாங்காதீர்கள். வேறொருவர் பெயரில் எடுத்த சீட்டால் உங்களுக்குத்தான் சிக்கல். தீபாவளி, தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தவணை விடுமுறை இவற்றுக்கு முந்திய இரண்டு நாட்களில் முன்பதிவு இல்லாமல் வயசானவர்களைக் கூட்டிப் போகவே வேண்டாம். அரசாங்க வேலையில் இருக்கும் ஆசிரியர்களும் மற்றவர்களும் தங்களுக்கு உரிய, இலவசப் பயணத்துக்கான ரயில்வே வாரண்டைப் பயன்படுத்தாமல் விடுகிறார்கள். அது உங்கள் உரிமை, அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள்.

5. ஆஸ்பத்திரிப் பயணம். நம் பக்கத்து ஆட்கள் தூரம் போவதில் பாதி இதற்காகத்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கண்டி தேசிய வைத்தியசாலை ரயில் நிலையத்துக்குப் பக்கம், நடந்தே போகலாம். பேராதனைப் போதனா வைத்தியசாலைக்குப் போகிறவர்கள் கண்டி வரை போகாமல் பேராதனைச் சந்தியில் இறங்கி ஓட்டோ பிடியுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலைக்குக் கோட்டையை விட மருதானைதான் கிட்ட. ரயில் மருதானையில் நின்றால் அங்கேயே இறங்கிவிடுங்கள். மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகிறவர்கள் கோட்டையில் இறங்கிப் பஸ்ஸில் நெரிபடத் தேவையில்லை. களனிவெளிப் பாதையில் மஹரகமவுக்கே ரயில் இருக்கிறது, மருதானையில் மாறலாம். ஆனால் அந்த ரயில்கள் பெரும்பாலும் காலையிலும் மாலையிலும் அலுவலக நேரத்தில்தான் ஓடும். மலையக ரயில் தாமதமாவதும் உண்டு. ஆகவே கிளினிக் நாளுக்கு முதல் நாளே போய்ச் சேர்ந்து தங்க ஏற்பாடு செய்யுங்கள். கிளினிக் புத்தகம், பழைய ரிப்போர்ட், மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மடியிலேயே வைத்திருங்கள். மேல் தட்டில் வைத்தால் இறங்கும் அவசரத்தில் மறந்துபோகும்.

6. ரோட்டில் உள்ள ஆபத்தைக் குறைத்து எண்ணாதீர்கள். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கரண்டி எல்லவில் கதிர்காமத்திலிருந்து வந்த பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இரவெல்லாம் ஓட்டிய களைப்பு, அளவுக்கு மேல் ஏற்றிய ஆட்கள், பனி, வளைவு இவையெல்லாம் நம் ரோட்டில் எப்போதும் உள்ளவை. கொழும்பில் சவாரி முடித்துவிட்டு அப்படியே டயகமவுக்கு வரும் வேன்காரர் எத்தனை மணித்தியாலம் தூங்கினார் என்று நாம் கேட்பதே இல்லை. கர்ப்பிணிகளுக்கும், தலைச்சுற்று உள்ளவர்களுக்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போக வேண்டிய சீனி வியாதிக்காரருக்கும் எழுந்து நடக்க இடமும் மலகூடமும் உள்ள ரயில்தான் சுகம்.

7. சாப்பாடு. ரொட்டியும் கட்டச் சம்பலும் கட்டிக்கொண்டு போங்கள், மாலை வரை கெடாது. பிளாஸ்கில் தேத்தண்ணி, குடிக்கத் தண்ணீர். ரயிலில் வடையும் கடலையும் வரும், ஆனால் பிள்ளைகளுக்கு அதையே சாப்பாடாகக் கொடுத்து வயிற்றைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

8. இரவு ரயிலுக்குக் கம்பளி. ஜன்னல் சரியாக மூடாத பெட்டிகள் இருக்கின்றன. பண்டாரவளை, பதுளைப் பக்கம் போகிறவர்கள் 6,226 அடி உயரத்தில் உள்ள பட்டிப்பொலையைக் கடக்க வேண்டும், அங்கே டயகமக் குளிருக்குப் பழகியவர்களுக்கும் உடம்பு நடுங்கும். கொழும்புக்கு இறங்குகிறவர்களுக்கு நிலைமை நேர்மாறு. கம்பளிக்குள்ளே மெல்லிய சட்டை போட்டுக்கொள்ளுங்கள், றம்புக்கணை தாண்டியதும் வியர்க்கும்.

9. வாசற்படியில் பிள்ளைகளை நிற்க விடாதீர்கள். கைத்தொலைபேசியில் படம் எடுக்க வெளியே தொங்குவது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. சுரங்கச் சுவர் எவ்வளவு கிட்ட வரும் என்பது, அட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையில் உள்ள சிங்கமலைச் சுரங்கத்தைக் கடக்கும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தாலே தெரியும். அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கம் அது.

10. மூட்டை. கொழும்பில் உள்ள சொந்தக்காரருக்குக் கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு கொண்டு போகாமல் நாம் போக மாட்டோம். ஒரே பெரிய சாக்காகக் கட்டாமல் இரண்டு சின்னதாகக் கட்டுங்கள், ஆசனத்துக்குக் கீழே போகும், ஒருவரே தூக்கலாம். அதற்கு மேல் பாரம் இருந்தால் நிலையத்தில் பார்சலாகப் பதியுங்கள்.

11. யாழ்ப்பாணத்துக்கும் மடுவுக்கும் கொழும்பு வரை போகத் தேவையில்லை. பலருக்கு இது தெரியாது. பொல்கஹவெலவில்தான் வடக்குப் பாதை பிரிகிறது. தலவாக்கலையில் ஏறி அங்கே இறங்கினால் யாழ்ப்பாணம், மன்னார், மட்டக்களப்பு ரயில்களைப் பிடிக்கலாம். போரால் 1990இல் நின்றுபோன யாழ்ப்பாணச் சேவை 2014 ஒக்டோபரில் திரும்பியது, 2015இல் காங்கேசன்துறை வரையும் தலைமன்னார் வரையும் போனது. ஆவணி மடுத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் மடு வீதி நிலையத்தில் இறங்கலாம், திருக்கேதீஸ்வரத்துக்கும் இதே பாதைதான். இரண்டு ரயில்களுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று பார்த்து, இரண்டு சீட்டையும் ஒரே நாளில் பதிவு செய்யுங்கள். முதல் ரயில் பிந்தினாலும் இரண்டாவது கிடைக்கும்படி மூன்று மணித்தியாலமாவது இடைவெளி வையுங்கள்.

அந்தத் தலைமன்னார்ப் பாதையில் போகும்போது பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுங்கள். 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு, இந்தத் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக அனுப்பப்பட்டவர்கள் இதே பாதையில்தான் தலைமன்னாருக்குப் போய், கப்பலில் இராமேஸ்வரத்துக்குப் போனார்கள். நம் வீட்டில் யார் போனார்கள், யார் நின்றார்கள் என்று பாட்டி தாத்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள, ஆறேழு மணித்தியாலம் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் ரயிலை விட நல்ல இடம் கிடைக்காது.

12. திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் சொந்தம் பார்க்கப் போகிறவர்கள் விமானத்தை மட்டும் நினைக்காதீர்கள். காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையிலான பயணிகள் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. கடலில் நான்கு மணித்தியாலம் அளவில்தான். நாகப்பட்டினத்திலிருந்து திருவாரூர், தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு ரயில் போகிறது. கடவுச்சீட்டும் விசாவும் கட்டாயம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கப்பல் நின்றுவிடும், ஆகவே தை பிறந்த பிறகு விசாரித்துப் போவதே நல்லது.

13. நாட்டுக்குள்ளே விமானம் வேண்டாம். மலையகத்துக்கு வரும் சிறிய நீர் விமானங்கள் சுற்றுலாக்காரருக்கானவை, கட்டணம் நமக்கு எட்டாது. எட்டினாலும் எனக்கு அதில் உடன்பாடில்லை. பிரித்தானிய அரசின் கணக்கில், உள்நாட்டு விமானத்தில் ஒருவர் ஒரு கிலோமீட்டர் போக வெளியாகும் கரியமிலவாயுவுக்குச் சமமான புகை, ரயிலில் வெளியாவதைப் போலப் பல மடங்கு. நம் ரயில் டீசலில் ஓடுவது, அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் ஒரே எஞ்சின் நூற்றுக்கணக்கானவர்களை இழுத்துப் போகிறது. இந்தப் புகையால் மழையின் போக்கு கெட்டால் முதலில் சரிவது லயத்துக்குப் பின்னால் இருக்கும் மண்மேடுதான் என்பதால், இந்தக் கணக்கு நமக்கு மற்றவர்களை விடக் கிட்டத்தில் இருக்கிறது.

14. வேன் தேவைப்படும் நேரமும் உண்டு. பிரசவ வலி, நெஞ்சுவலி, சாவு வீடு, படுத்த படுக்கையான நோயாளி. இவற்றுக்கு ரயிலைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. ஆட்கள் அதிகமானால் தலவாக்கலை வரைக்கும் மட்டும் வேன் பேசி, அங்கிருந்து ரயில் ஏறுங்கள். செலவு பெருமளவு குறையும்.

15. இரவுத் தபால் ரயிலில் திரும்பினால் தலவாக்கலையில் இறங்கும்போது விடியப்புறம் மூன்று மணிவாக்காக இருக்கும். டயகமவுக்கு அந்த நேரத்தில் பஸ் இல்லை. பிள்ளைகளையும் மூட்டைகளையும் வைத்துக்கொண்டு தெரியாத ஓட்டோவில் ஏறாதீர்கள். நிலையத்துக்குள்ளேயே வெளிச்சம் உள்ள இடத்தில் கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்திருந்து முதல் பஸ்ஸில் போங்கள். கைத்தொலைபேசியில் சார்ஜ் மிச்சம் வையுங்கள், புறப்படும்போதே கோட்டையிலிருந்து வீட்டுக்கு அழைத்து எந்த ரயில் என்று சொல்லிவிடுங்கள்.