பேசாத மகளின் மந்திரம்

கேள்வி: மாயக்கதைகளில் தாய் கண்டுகொள்ளாத மகள் ஏன் வாய் திறப்பதே இல்லை?
– வாசகி, கோவை

பதில்: கூப்பிட்டும் யாரும் திரும்பிப் பார்க்காத வீட்டில், குழந்தை கூப்பிடுவதையே விட்டுவிடும். கண்ணும் காதும் கூர்மையாகும். அந்தக் கூர்மையைத்தான் கதை மந்திரமாக்குகிறது. ஆனால், தாயின் குற்றத்தை வெளிப்படையாகச் சொல்லக் கதைகளே தயங்கும். கிரிம் சகோதரர்களின் கதைத் தொகுப்பின் 1812ஆம் ஆண்டுப் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடித்தவள் பெற்ற தாய். 1819இல்தான் மாற்றாந்தாய் ஆனாள். பெற்றவளைக் குறைசொல்ல அவ்வளவு கூச்சம்!

தாய் கொண்டாடிய மகளின் சொல்லும் எடுபடாமல் போவதுண்டு. நம் கொங்கு அண்ணன்மார் கதையில் தங்கை தங்காள், தாய் தாமரை தவமிருந்து பெற்ற செல்வம். தாயன்புக்குக் குறைவில்லை. ஆனால், வரப்போவதை முன்கூட்டி உணர்ந்து அவள் எச்சரித்தும் அண்ணன்மார் பொன்னரும் சங்கரும் செவிமடுக்கவில்லை. இருவரும் படுகளத்தில் மாண்டார்கள்.

மௌனம் பிறவிக்குணம் அல்ல. கேட்க ஆளில்லாததால் விழுந்த தழும்பு.